குழாய்த் தண்ணீரும் பழத் தண்ணீரும்

கை ஆறும்வரை தங்கை வீட்டில் இரு என்று சொல்லித்தான் கணவன் மூத்தவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டான். ஒரு வாரம் என்று பேச்சு. பையில் மாற்றுத் துணியும் பாதி தீர்ந்த களிம்பும் இருந்தன. வாரம் முடிந்து திரும்பிப் போனபோது வாசலில் வேறு செருப்பு கிடந்தது. சமையலறை சன்னலில் ஒரு பெண்ணின் முதுகு தெரிந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த முதுகு. விருந்துக்கு வந்தவள் அப்படித் தேய்க்க மாட்டாள். மூத்தவள் மணியடிக்காமல் அடுத்த பேருந்தில் திரும்பி வந்து, பையை மறுபடி தங்கையின் கட்டிலடியில் தள்ளினாள்.

அவன் அப்போது ஊரறிந்த பழச்சாற்றுக்காரன். ஆரம்பத்தில் துணிக்கடை ஒன்றில் துணி எடுத்துப் போடும் வேலை. கல்யாணமான புதிதில் மூத்தவள் காலையில் ஆரஞ்சு பிழிந்து ஒரு பாட்டிலில் கொடுத்தனுப்புவாள். உடன் வேலை பார்த்தவர்கள் ஒரு மிடறு வாங்கிக் குடித்துவிட்டுத் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். பிறகு பக்கத்துக் கடைகள். பிறகு தெரு. பாட்டில் சதுரமாக இருந்தால் பெட்டியில் இடைவெளி இல்லாமல் அடுக்கலாம், வண்டி குலுங்கினாலும் முட்டிக்கொள்ளாது என்பது அவள் யோசனை. அவன் வேலையை விட்டான். வீட்டின் பின்னறை பிழியும் அறையானது. அவன் பேசினான், அவள் பிழிந்தாள். கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தார்கள். கை வெடித்ததும் ஆட்கள் நின்றுவிட்டார்கள். பெண்டாட்டி நிற்க மாட்டாள்.

பழத்தின் புளிப்பைவிடத் தோலில் இருக்கும் எண்ணெய்தான் மோசம். முதலில் விரலிடுக்கு சிவக்கும். பிறகு செதில் உரியும். பிறகு மடக்கினால் வெடிக்கும். அவளுக்கு நகக்கண் வெளுத்து, நகங்கள் ஓரத்தில் தூக்கிக்கொண்டன. ஒருநாள் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலைகளுக்குச் சாறு எடுக்கும் பெரிய வியாபாரி ஒருவர் இடத்தைப் பார்க்க வந்தார். பின்னறைக் கதவின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கையைப் பார்த்தார். தேநீர் வேண்டாம் என்று சொல்லிப் புறப்பட்டார். அன்று மாலை அவன் கத்தவில்லை. அவள் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கையைப் பாத்தா எவன் குடிப்பான்?" என்று நிஜமாகவே யோசிக்கிறவன் போலக் கேட்டான். அந்தக் கேள்வியைத்தான் அவள் தங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

இளையவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு அறை வீடு. உணவுப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. அங்கே எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. எண்ணெய்களைச் சோதிப்பவர் எண்ணெய்க்காரர், மாவு சலிப்பவர் புழு. இவள் பெயர் பதினெட்டு. அவள் பார்த்துக்கொண்ட மெஷின் கனமான ஆக்ஸிஜனை அளக்கும் மெஷின், அதனால் அந்தப் பெயர்.

மூத்தவளின் கை சில மாதங்களில் ஆறியது. புதுத்தோல் குழந்தையுடையதுபோல இளஞ்சிவப்பாக வந்தது. ஒரு சலவைக்கடையில் துணி வாங்கிச் சீட்டுக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். யாரோடும் சண்டை இல்லை. கடைக்காரர் அவளைத் தங்கமான பெண் என்று சொல்வார். அவர் அவளைச் சனிக்கிழமை மாலைகளில் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மாலை அவள் மூலைக்கடையில் சதுரப் பாட்டில் ஒன்று வாங்குவாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் சமையலறைத் தொட்டிக்கு முன்னால் நின்று, மூடியைத் திருகி, சாற்றை மெல்லிய நூலாகச் சாக்கடைக்கு ஊற்றுவாள். ஊற்றும்போது பாட்டிலில் எழுதியிருப்பதை வாசிப்பாள். நேரடியாகப் பிழிந்தது. தண்ணீர் சேர்க்காதது. குடும்பத்தின் அன்போடு. அந்தக் கடைசி வரி வரும்போது பாட்டில் காலியாகியிருக்கும்.

காசு கொடுத்து வாங்கிக் கொட்டுகிறாயே, விற்பனை அவனுக்குத்தானே என்று இளையவள் ஒருதரம் கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் தொண்டையில போகுது. ஒண்ணாவது என் கண்ணு முன்னால சாக்கடைக்குப் போகட்டும்."

அவன் தண்ணீர் கலக்கிறான் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. வேறு எப்படி இருக்க முடியும்? பிழிய ஆள் இல்லை. மெஷின் வாங்குகிற மனிதன் இல்லை, பழைய செருப்புக்கே ஆணி அடித்துப் போட்டுக்கொள்கிறவன். புதிதாக வந்தவள் பிழிவாள் என்று மூத்தவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் மனத்தில் அந்த முதுகு எப்போதோ எழுந்து போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டது. நீளமான நகங்கள், நகத்துக்குச் சாயம், ஒரு கையில் சதுரப் பாட்டில். தன் கையை வைத்துக் கட்டிய வீட்டில் கை அழுக்காகாமல் ஒருத்தி. அவனைவிட இந்தப் படம்தான் அவளைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது.

இளையவள் அவளுக்குப் பதினெட்டைப் பற்றிச் சமையலறையில் வைத்துத்தான் சொன்னாள். ஆக்ஸிஜன் எல்லாம் ஒரே எடை இல்லை. மிகப் பெரும்பாலானது பதினாறு. ஆயிரத்தில் இரண்டு என்கிற கணக்கில் பதினெட்டு. கதிர் வீசாது, சிதையாது, நாளடைவில் வேறொன்றாக மாறாது. சற்றுக் கனம், அவ்வளவுதான். கனம் என்பதால் ஆவியாகும்போது பின்தங்கும்.

"உன்ன மாதிரின்னு சொல்லு. நேத்து மாடி ஏறினியே, பாத்தேன்."

இளையவள் கரண்டியை ஓங்கிவிட்டு மேலே சொன்னாள். கடல் ஆவியாகும்போது இலேசான தண்ணீர் முந்திக்கொள்கிறது. ஆகவே மழையில் பதினெட்டு குறைவு, ஆற்றில் குறைவு, குழாயில் குறைவு. மரம் அந்தத் தண்ணீரைத்தான் உறிஞ்சுகிறது. ஆனால் வெயிலில் இலை மூச்சுவிடும்போது இலேசானது பறந்துபோய்க் கனமானது தங்கிவிடுகிறது. பழத்தில் சேர்கிற தண்ணீரில் பதினெட்டு கூடுதல். கடல் தண்ணீரைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் பழச்சாறு பூஜ்யத்துக்கு மேலே நிற்கும், குழாய்த் தண்ணீர் கீழே. சிலர் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கிப் பீப்பாயில் விற்கிறார்கள். வாங்குபவர் குழாயைத் திறந்து கரைத்து, நேரடியாகப் பிழிந்தது என்று எழுதிவிடலாம். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. தண்ணீர் எந்த வழியாக வந்தது, இலை வழியா குழாய் வழியா என்று பதினெட்டு சொல்லிவிடும்.

இதே பதினெட்டைத் தண்ணீரில் செறிவாக்கிச் சிறு குப்பிகளில் மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறார்கள், புற்றுநோய் எங்கே இருக்கிறதென்று படம்பிடிக்கும் மருந்து அதிலிருந்துதான் பிறக்கிறது. கிளிஞ்சலிலும் பனிப்பாறையிலும் இதை அளந்து ஆதிகாலத்துக் குளிரைச் சொல்கிறார்கள் என்றும் சொன்னாள். இளையவளுக்குத் தன் வேலையில் அந்தப் பகுதிகள்தான் பிடிக்கும். மூத்தவள் கேட்டுக்கொண்டாள். தனக்கு ஒரே ஒரு பாட்டிலைப் படம்பிடித்தால் போதும் என்றாள்.

அது முடியாது. வெளியிலிருந்து சொந்தச் சாமான் எதையும் மெஷினுக்குக் கொண்டுபோகக் கூடாது. சந்தையில் மாதிரி எடுக்கும் அதிகாரி எடுத்து, முத்திரை வைத்து அனுப்பினால்தான். ஆகவே காத்திருந்தார்கள். காத்திருப்பது அந்த வீட்டில் ஒரு வேலையாகவே நடந்தது. அவன் பிடிபட்டதும் யார் முதலில் சொல்வார்கள், அவன் முகம் எப்படிப் போகும், அந்த நகச்சாயக்காரி எந்தப் பேருந்தில் ஏறுவாள் என்று சாப்பிடும்போது பேசிக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் மூத்தவள் கொஞ்சம் மாற்றுவாள். ஒருமுறை அவனைத் தெருவில் முட்டி போடவைத்தாள். அது அதிகம் என்று அவளே எடுத்துவிட்டாள்.

ஒரு கோடையில் பாட்டில் வந்தது. பெயர் தெரியாமல் காகிதம் ஒட்டி, எண் போட்டிருந்தார்கள். ஆனால் சதுரம். அந்த ஊரில் வேறு யாரும் சதுரத்தில் ஊற்றுவதில்லை. விதிப்படி ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு, ஒன்று தயாரித்தவனிடம், ஒன்று முத்திரையோடு வேறொரு ஆய்வுக்கூடத்தில். இளையவள் அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லிவிட்டாள். சொல்லக் கூடாதது. மூத்தவள் எழுந்துபோய் முகம் கழுவி, நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எங்கேயும் போகவில்லை.

சாற்றை வடிகட்டிச் சிறு கண்ணாடிக் குழாயில் விட்டு, ரப்பர் மூடி போட்டு, ஊசி வழியாகக் கரியமில வாயுவை உள்ளே அனுப்பி, ஒரே வெப்பத்தில் ஒருநாள் வைக்க வேண்டும். தண்ணீரும் வாயுவும் தங்களுக்குள் ஆக்ஸிஜனை மாற்றிக்கொள்ளும். பிறகு அந்த வாயுவை மெஷின் அளக்கும். மறுநாள் மதியம் கோடு திரையில் ஏறியது. பூஜ்யத்துக்கு மேலே. நன்றாக மேலே.

இளையவள் மறுபடி வைத்தாள். மறுநாளும் மேலே. சுத்தமான சாறு. வெயிலில் நின்ற மரத்தின் தண்ணீர், ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணீர்கூடக் கலக்காதது.

மதிய உணவு வேளை. கூடத்தில் யாரும் இல்லை. மூன்றாவது கண்ணாடிக் குழாய் மூடி போடாமல் தாங்கியில் நின்றது. கைகழுவும் தொட்டி இரண்டடி தள்ளி. அவள் உறிஞ்சுகுழலை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் வைத்தாள். அது நிறைந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேர்மை என்று எதுவும் அவளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. வேறொரு ஆய்வுக்கூடத்தின் அலமாரியில் முத்திரையோடு இருக்கும் பாட்டில்தான் வந்தது. அவன் அதைத் திறக்கச் சொல்வான். அது மேலே காட்டும். இவளுடையது கீழே. அவன் வழக்கம்போலப் பேசுவான், பேசிப்பேசி இன்னும் பெரிய ஆளாவான். அவனுக்கு அந்தச் சந்தர்ப்பத்தைத் தன் கையால் கொடுப்பதா? உறிஞ்சுகுழலைத் தொட்டியில் காலிசெய்துவிட்டு முடிவை எழுதினாள்.

வீட்டில் சொன்னபோது மூத்தவள் நம்பவில்லை. மெஷின் கெட்டிருக்கும் என்றாள். பிறகு, உனக்கு மனம் வரவில்லை, அதுதான் விஷயம் என்றாள். ஒரு சொட்டு விட்டிருக்கலாமே என்றாள். இளையவள் அலமாரியில் இருக்கும் இன்னொரு பாட்டிலைப் பற்றிச் சொன்னாள். மூத்தவள் அதைக் காதில் வாங்காமல் தன் பாயைச் சுருட்டி அடுத்த அறைக்குக் கொண்டுபோனாள். அந்த வாரம் இருவரும் உப்பு, புளி, துணி என்று வேண்டிய வார்த்தைகளை மட்டும் பேசினார்கள். ஒருநாள் இளையவளின் தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு சதுரப் பாட்டில் இருந்தது. அன்போடு என்று எழுதிய பக்கம் அவளைப் பார்த்து.

சனிக்கிழமை வந்தது. மூத்தவள் தொட்டிக்கு முன்னால் நின்று ஊற்றிக்கொண்டிருந்தாள். நேரடியாகப் பிழிந்தது என்று வாசித்தாள். சாற்றின் நூல் அறுந்தது. பாட்டிலை நிமிர்த்திப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"மேலேன்னா என்ன சொன்ன? பாகு இல்லியா?"

"இல்ல."

"தண்ணி முழுக்கப் பழத்துலேர்ந்து வந்ததா? நிச்சயமா?"

"நிச்சயம்."

"அப்போ யாருடி பிழியறா?"

இளையவள் பதில் சொல்வதற்குள் மூத்தவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மின்விசிறியும் நகச்சாயமும் அந்தச் சிரிப்பில் போயின. பாட்டிலில் மீதி இருந்ததைத் தம்ளரில் ஊற்றிக் குடித்தாள். இத்தனை வருடத்தில் அவள் அதைக் குடித்தது அன்றுதான். பாயைத் திரும்பத் தங்கையின் அறைக்குக் கொண்டுவந்து, படுத்ததும் தூங்கினாள்.

பள்ளிக்கூடம் விடுமுறை, சலவைக்கடையில் கூட்டமில்லை. வார விடுப்பில் விடிந்ததும் அவள் பழைய தெருவுக்குப் போனாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. பின்னறையின் கம்பிவலை சன்னல் அங்கே திறக்கும். எதிரே ஒரு மின்பெட்டி. அதற்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

மூத்தவளின் பழைய முக்காலியில் அவன் இரண்டாவதாகக் கட்டியவள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் மூத்தவளின் அலுமினியத் தொட்டி. இரண்டு கைக்கும் பிளாஸ்டிக் பை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பட்டை. ஒரு பழத்தை அழுத்தும்போது பல்லைக் கடிப்பது சன்னல் வரை தெரிந்தது. மூத்தவள் மனம் நிறையப் பார்த்தாள். வெயில் கழுத்தில் ஏறும்வரை பார்த்தாள். அடுத்த வாரமும் போனாள். கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்களின் முகத்தோடு திரும்பி வந்தாள் என்று இளையவள் பிற்பாடு சொன்னாள்.

மூன்றாவது முறை இரண்டாமவள் பைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கையின் தோலும் பையோடு உரிந்து வந்தது. அவள் அழவில்லை. பழகிய வேலை போலக் கையை ஒரு துணியில் ஒற்றினாள். தலை நிமிர்ந்தபோது சன்னலில் மூத்தவள்.

"பை கட்டாதே. உள்ள வேர்த்து இன்னும் புண்ணாகும்" என்று மூத்தவள் சொன்னாள். சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்ததில்லை. கை அந்த வாக்கியத்தைத் தானே சொல்லிக்கொண்டது போலிருந்தது.

யார் என்று இரண்டாமவள் கேட்டாள். சொன்னதும் முக்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து சுவர் ஓரம் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்த கதை வேறு. முதல் மனைவிக்குத் தொற்றுகிற தோல்நோய், அதை மறைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள், கண்டுபிடித்ததும் ஓடிப்போனாள் என்பது அவன் சொன்னது. தன் கை வெடித்தபோது, இந்த முக்காலியிலிருந்தும் தொட்டியிலிருந்தும் ஒட்டிக்கொண்டது என்று அவள் நம்பினாள். வாரம் தவறாமல் இரண்டையும் வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். இதையெல்லாம் சுவரோரம் நின்றபடி, நீதானே எனக்குக் கொடுத்தாய் என்ற குரலில் சொன்னாள்.

மூத்தவள் இரண்டு கைகளையும் வலையில் விரித்து வைத்தாள். மாசு மறுவில்லாத கைகள்.

"நோயில்ல. ஆரஞ்சுத் தோலோட எண்ணெய். விட்டா ஆறிடும். நான் விட்டேன், ஆறிடுச்சு."

இரண்டாமவள் வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள். நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, ரொம்பச் சாதாரணமாக, கை ஆறும்வரை அண்ணன் வீட்டில் போய் இருக்கச் சொல்கிறார் என்றாள். ஒரு வாரம்தான் என்கிறாராம். பள்ளிக்கூடங்களுக்குச் சாறு கொடுக்கிற ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. இடத்தைப் பார்க்க அதிகாரிகள் வருவார்கள். அதற்குள் உதவிக்கு யாரையோ பேசிவைத்திருக்கிறார்.

அன்று மூத்தவள் நேரே வீட்டுக்கு வரவில்லை. சலவைக்கடைக்குப் போய், விடுப்பு நாளிலேயே, மடித்துவைத்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்தாள். மாலை இளையவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறேன் என்றாள். இளையவள் கண் கலங்கிவிட்டது. அக்கா மனது மாறிவிட்டது என்று நினைத்தாள்.

"மூஞ்சிய அப்படி வச்சுக்காத. இரக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ கையையும் எடுத்துட்டா அந்த ஆள்கிட்ட என்ன இருக்கு? வாய்தான் இருக்கு. வாயால பிழியட்டும்."

நாளையும் அவளே குறித்தாள். ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும், பழம் வந்து இறங்க வேண்டும், பேசிவைத்த பெண் இன்னும் வந்திருக்கக் கூடாது. சந்து வழியாக ஒவ்வொரு வாரமும் போய்ப் பேசினாள். இரண்டாமவளுக்குப் பயம் இருந்தது, கோபம் அதைவிட மெதுவாக வந்தது. அவன் மூத்தவளைப் பற்றிச் சொன்னதையெல்லாம் மூத்தவள் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, மறுக்காமல், உன்னைப் பற்றி அடுத்தவளிடம் என்ன சொல்வார் என்று நினைக்கிறாய் என்று மட்டும் கேட்டாள். அது போதுமானதாக இருந்தது.

பள்ளிக்கூடங்கள் திறக்கும் வாரம் பின்னறையில் கூரைவரை ஆரஞ்சு மூட்டை. அவன் பெட்டி வாங்க வெளியே போனபோது இரண்டாமவள் ஒரு பையோடு சந்து வழியாக வந்தாள். பேசிவைத்த பெண்ணின் வீட்டுக்கும் இரண்டு பேரும் போனார்கள். வாசலிலேயே நின்று, இரண்டாமவள் தன் கையைக் காட்டினாள். பேச வேண்டியிருக்கவில்லை.

இரண்டு அறை வீட்டில் மூன்று பாய் ஆயிற்று. இளையவள் ஆய்வுக்கூடத்தில் எண்ணெய்க்காரரிடம், "அந்தாளோட ரெண்டு பெண்டாட்டியும் இப்போ என் வீட்டுல. என்னையும் கட்டியிருந்தா குடும்பம் பூர்த்தி" என்று சொன்னாள். இரண்டாமவள் மூத்தவளை அக்கா என்று கூப்பிட்டாள். மூத்தவள் அவளைப் பெரும்பாலும் கூப்பிடாமலே வேலை சொன்னாள். இரவில் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் விரல்களுக்குக் களிம்பு போட்டுவிட்டாள். மென்மையாக அல்ல. இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறவர்கள் போடுவதுபோல, ஒரு இடுக்கும் விடாமல்.

பழம் அழுகும் வாடை சந்துவரை வந்ததாகப் பேச்சு. ஆனால் பள்ளிக்கூடங்களுக்குச் சாறு தவறாமல் போனது. சதுரப் பாட்டில், அதே எழுத்து, அதே அன்பு. கேள்விப்பட்டதும் மூத்தவள் மூலைக்கடைக்கு ஓடினாள். பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தாள். இளையவள் தலையை ஆட்டினாள். சோதிக்க முடியாது. அதிகாரி எடுக்க வேண்டும்.

அதிகாரி எடுத்தார். பள்ளிகளுக்குப் போகும் சரக்கை அந்தப் பருவத்தில் கட்டாயம் எடுப்பார்கள். சதுரப் பாட்டில் மேசைக்கு வந்த அன்று இளையவள் ஆய்வுக்கூடத் தலைவியிடம் போய், இதைத் தயாரிப்பவர் என் அக்காவின் கணவர், நான் தொடக் கூடாது, போன தடவை தொட்டதே தவறு என்றாள். தலைவி அவளைக் கண்டித்து எழுதினாள். போன தடவையின் முடிவு சரிதானா என்று அந்த இன்னொரு பாட்டிலைத் திறந்து பார்க்கச் சொன்னாள். சரியாக இருந்தது. புதிய பாட்டிலை எண்ணெய்க்காரரிடம் கொடுத்தாள்.

இளையவள் அந்தக் கண்டனத்தை எதிர்பார்த்திருந்தாள். நாளைக்கு அவன் எழுந்து நின்று, இது என் மைத்துனியின் சதி என்று சொல்ல வாய் இருக்கக் கூடாது. அவள் கணக்கு அதுதான். எண்ணெய்க்காரர் ஊசியைச் செருகும்போது அவள் பத்தடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மதியம் அவர் நாற்காலியைத் திருப்பாமலே சொன்னார்.

"பதினெட்டு, உங்க மாமா குழாயைத் தொறந்துட்டாரு."

கோடு பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தது. இரண்டாவது கண்ணாடிக் குழாயிலும், மூன்றாவதிலும். அவன் இன்னொரு பாட்டிலைத் திறக்கச் சொன்னான். வேறொரு ஊரில், அவனை யாரென்றே அறியாதவர்கள் அதைத் திறந்தார்கள். அதுவும் கீழே.

ஒப்பந்தம் போனது. வாசலில் முத்திரை விழுந்தது. கடைகள் சதுரப் பாட்டில்களைத் திருப்பி அனுப்பின. சில மாதங்களுக்குப் பிறகு, அதிகாரியின் கண்ணெதிரே பிழிந்து விற்கலாம் என்ற நிபந்தனையோடு முத்திரையை எடுத்தார்கள். மூத்தவள் ஒவ்வொரு செய்தியையும் கேட்டாள். அவள் கற்பனையில் இருந்த எதுவும், முட்டி போடுவது உட்பட, அவளுக்குத் தேவைப்படவில்லை. எவ்வளவு கீழே என்று மட்டும் அடிக்கடி கேட்பாள். இளையவள் கையைத் தரைக்குப் பக்கத்தில் காட்டுவாள். மூத்தவள் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வாள்.

ஒருநாள் சாயங்காலம் அவன் வந்தான். கதவைத் திறந்தது இளையவள். சட்டை நன்றாக மடிப்பு வைத்துத் தேய்த்திருந்தது. இரண்டு கையும் கால்சட்டைப் பையில். படியில் நின்றபடியே பேச ஆரம்பித்தான். நடந்தது நடந்துவிட்டது, யாரையும் குறை சொல்ல வரவில்லை, இரண்டாமவளை அழைத்துப்போக வந்தேன் என்றான். பெரியவளும் வருவதென்றால் ஆட்சேபமில்லை, வீடு பெரியது என்றான். ஒரு மெஷின் வாங்கலாம் என்றுகூட யோசிப்பதாகச் சொன்னான். குரல் பழைய குரல்தான். துணியைப் பிரித்து உதறிக் காட்டுகிற குரல்.

மூத்தவள் உள்ளேயிருந்து வந்தாள். அவன் பேசி முடிக்கட்டும் என்று நின்றாள். அவன் கண் அவள் கையில் போய், விலகி, மறுபடி போனது.

"கைய வெளிய எடுங்க" என்றாள்.

அவன் எதற்கு என்றான். சிரித்தான். அவள் மறுபடி அதையே, அதே குரலில் சொன்னாள். அவன் முதலில் வலது கையை எடுத்தான், பிறகு இடது. எடுக்கும்போது துணி உரசி முகம் சுருங்கியது. விரலிடுக்கெல்லாம் சிவந்து பிளந்திருந்தது. கட்டைவிரல் நகம் வெளுத்துத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இங்க, விளக்குக்குக் கீழ காட்டுங்க."

அவன் ஒரு படி ஏறி நீட்டினான். மருந்து சொல்லப்போகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். பேச்சை நிறுத்திவிட்டு, இரவில் வலிக்கிறது, தண்ணீர் பட்டால்கூட எரிகிறது என்று மெதுவாகச் சொன்னான். அவன் அப்படி மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை.

மூத்தவள் திரும்பி இரண்டாமவளைக் கூப்பிட்டாள். அன்றுதான் அவளை முதன்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டாமவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். இருவரும் குனிந்து அந்தக் கைகளைப் பார்த்தார்கள். அவசரமில்லாமல், புறங்கை, உள்ளங்கை என்று பார்த்தார்கள். திருப்புங்கள் என்று மூத்தவள் விரலால் சைகை காட்டியபோது அவன் திருப்பினான்.

பார்த்து முடிந்ததும் மூத்தவள் கதவைச் சாத்தினாள்.